ஐ.நா. நிவாரண வேலைக்குப் போக ஆசையா? செங்கோட்டை, ஆரியங்காவு, குளத்துப்புழைப் பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி

போர், பஞ்சம், அகதிகள் என்று செய்தி வரும்போதெல்லாம் டி.வி.யில் ஒருவர் வந்து பேசுவார். பெயருக்குக் கீழே அகதிகள் உயர் ஆணையர் என்றோ அவசர நிவாரண ஒருங்கிணைப்பாளர் என்றோ போட்டிருக்கும். அந்த மாதிரி வேலைக்குப் போக என்ன படிக்கணும் என்று கேட்கும் பிள்ளைகள் நம் பக்கத்தில் இருக்கிறார்கள். தமிழ்நாட்டுச் செங்கோட்டையிலிருந்து புளியரை ஏறி, எல்லை தாண்டிக் கேரளத்தில் ஆரியங்காவு, தென்மலை, குளத்துப்புழை, புனலூர் வரைக்கும் உள்ளவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். மற்ற ஊர்க்காரர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

முதலில் கசப்பான விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்: அந்தத் தலைமை நாற்காலியைக் குறிவைத்துப் படிக்காதீர்கள். அது நாடுகளுக்கு நடுவே நடக்கும் பேரத்தில் முடிவாவது. அகதிகள் உயர் ஆணையரை ஐ.நா. பொதுச்செயலாளர் முன்மொழிவார், பொதுச்சபை தேர்ந்தெடுக்கும். யுனிசெஃப் தொடங்கியதிலிருந்து அதன் தலைவர்கள் எல்லாரும் அமெரிக்கர்கள். 2007-லிருந்து அவசர நிவாரண ஒருங்கிணைப்பாளர் பதவிக்கு வந்தவர்கள் எல்லாரும் பிரிட்டிஷ்காரர்கள். இப்போது இருக்கும் டாம் ஃப்ளெட்சர் லெபனானில் பிரிட்டிஷ் தூதராக இருந்தவர். ஜெனீவாவில் உள்ள பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழுவின் தலைவர் எப்போதும் சுவிஸ் நாட்டவர்தான், கொர்னேலியோ சொமருகா, யாக்கோப் கெல்லன்பெர்கர், பீட்டர் மௌரர் என்று அடுத்தடுத்து வந்த மூவருமே சுவிஸ் ராஜதந்திரிகளாக இருந்தவர்கள். அகதிகள் ஆணையத்துக்கு இதுவரை ஓர் இந்தியர்கூடத் தலைவராக வந்ததில்லை. நியாயமா என்று கேட்டால், இல்லை. ஆனால் நிலவரம் இதுதான்.

நாற்காலிக்குக் கீழே உள்ள வேலைகள் வேறு கதை. அங்கே அடிமட்டத்திலிருந்து ஏறி வந்தவர்கள் நிறைய. பிரேசில்காரர் செர்ஜியோ வியெரா டி மெல்லோ 1969-ல், 21 வயதில், அகதிகள் ஆணையத்தில் சேர்ந்தார். வங்கதேசம், சூடான், சைப்ரஸ், மொசாம்பிக் என்று சுற்றி, ஐ.நா.வின் மொத்த நிவாரண ஒருங்கிணைப்புக்கும் 1998-ல் தலைவரானார். செஞ்சிலுவை, செம்பிறைச் சங்கங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்புக்கு 2020 முதல் பொதுச்செயலாளராக இருக்கும் ஜகன் சாபாகைன், நேபாளச் செஞ்சிலுவையில் இளம் தொண்டராகத் தொடங்கியவர். நம்ம பக்கத்துத் தொகுதி எம்.பி. சசி தரூரையே எடுத்துக்கொள்ளுங்கள். அரசியல்வாதியாகத்தான் அவரைத் தெரியும், ஆனால் 1978-ல் ஜெனீவாவில் அகதிகள் ஆணையத்தில் சேர்ந்து, 1981 முதல் 1984 வரை சிங்கப்பூர் அலுவலகத்தை நடத்தியவர். வியட்நாமிலிருந்து படகில் தப்பி வந்தவர்களைக் கரை இறக்க விடாத அரசுகளோடு பேசிப் பேசி இடம் பிடித்துக் கொடுப்பதுதான் அப்போது அவர் வேலை. அவர் ஐ.எஃப்.எஸ்., அதாவது இந்திய வெளியுறவுப் பணித் தேர்வு, எழுதி வந்தவர் இல்லை என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள், கீழே அந்தப் பேச்சு வரும்.

வேலை என்னவென்று தெரிந்துகொண்டு இறங்குங்கள்

அரிசி மூட்டை கொடுப்பது, கூடாரம் போடுவது எல்லாம் வேலையில் ஒரு பாதி. மறு பாதி, அந்த லாரியை உள்ளே விட மாட்டேன் என்கிறவனோடு பேசுவது. 1990-களின் தொடக்கத்தில் தாய்லாந்து முகாம்களில் இருந்த சுமார் 3,60,000 கம்போடியர்களை ஊர் திரும்ப வைக்கும் பொறுப்பு வியெரா டி மெல்லோவிடம் வந்தது. வழியில் கெமர் ரூஜ் படையின் பகுதி. லட்சக்கணக்கானவர்கள் சாகக் காரணமான கூட்டம் அது, அவர்களோடு பேசவே கூடாது என்று நினைத்தவர்கள் உண்டு. அவர் நேரே அவர்கள் இருந்த காட்டுக்குள் போய் உட்கார்ந்து பேசினார். சரியா தப்பா என்று இன்றும் வாதம் நடக்கிறது. என்னைக் கேட்டால், அந்த வாதத்தில் இரண்டு பக்கமும் நின்று அரை மணி நேரம் பேச முடிகிறவருக்குத்தான் இந்தத் துறை சரிப்படும். நல்லவன் கெட்டவன் என்று உடனே பிரித்துவிட்டு நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்றால் வேறு வேலை பாருங்கள்.

இன்னொருவர் சதாகோ ஒகாதா. ஜப்பான்காரர், பேராசிரியர், 63 வயதில் 1991-ல் அகதிகள் உயர் ஆணையரானார், அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். வந்த சில வாரங்களிலேயே ஈராக்கின் குர்து மக்கள் லட்சக்கணக்கில் மலைகளுக்கு ஓடினார்கள். ஈரான் உள்ளே விட்டது, துருக்கி எல்லையை மூடியது. 1951 அகதிகள் ஒப்பந்தப்படி எல்லையைத் தாண்டியவர்தான் அகதி, இந்தப் பக்கம் பனியில் நிற்பவர் ஆணையத்தின் கணக்கில் வர மாட்டார். கூட இருந்த அதிகாரிகளிலேயே ஒரு சாரார் சட்டத்தைக் காட்டித் தயங்கினார்கள். ஒகாதா ஈராக்குக்குள்ளேயே போய் உதவுவது என்று முடிவெடுத்தார். சொந்த நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்ந்தவர்களுக்கு ஆணையம் இன்று செய்யும் வேலைக்கெல்லாம் அந்த முடிவு பெரிய திருப்பம். 1993 பிப்ரவரியில் போஸ்னியாவில் எல்லாத் தரப்பும் நிவாரணத்தை வைத்து அரசியல் செய்தபோது, பெரும்பகுதி நிவாரணத்தை நிறுத்துகிறேன் என்று அறிவித்து எல்லாரையும் அதிர வைத்தார். பொதுச்செயலாளர் புத்ரோஸ் காலி அதை மாற்றச் சொல்ல வேண்டியதாயிற்று. பிடிவாதமும் இந்த வேலையில் ஒரு கருவி, ஆனால் எங்கே பிடிவாதம் பிடிப்பது என்பதற்குத்தான் ஆயுள் முழுக்கப் பயிற்சி.

கூடவே நான்கு கொள்கைகளை மனப்பாடம் செய்யாமல் புரிந்துகொள்ளுங்கள்: மனிதநேயம், நடுநிலை, பாரபட்சமின்மை, சுதந்திரம். முதல் மூன்றும் 1991 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையின் 46/182 தீர்மானத்தில் வந்தன, சுதந்திரம் பிறகு சேர்ந்தது. நடுநிலை என்றால் சண்டையில் பக்கம் சாராமல் இருப்பது, பாரபட்சமின்மை என்றால் தேவை யாருக்கு அதிகமோ அவருக்கு முதலில் கொடுப்பது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு நேர்காணலில் உளறுகிறவர்கள் அதிகம்.

ஸ்கூல் படிக்கும்போதே முடிக்க வேண்டியது

முதல் படி, பெயர். சிரிக்காதீர்கள். நமக்குத் தகப்பன் பெயர் இனிஷியல், பன்னாட்டு விண்ணப்பங்களில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் தமிழ்நாட்டில், ரேஷன் கார்டு கேரளத்தில், ஆதாரில் மலையாள உச்சரிப்பில் ஒரு எழுத்துக்கூட்டல் என்று எல்லைப் பக்கத்தில் ஒரே ஆளுக்கு மூன்று பெயர் இருக்கும். பாஸ்போர்ட் எடுக்கும்போதே இனிஷியலை விரித்து எழுதி, எல்லாக் காகிதத்திலும் அதே எழுத்து இருக்கும்படி திருத்திக்கொள்ளுங்கள். கேரள முகவரி என்றால் திருவனந்தபுரம் பாஸ்போர்ட் அலுவலகம், தென்காசி மாவட்ட முகவரி என்றால் மதுரை. பக்கத்து அக்ஷயா சென்டரில் (கேரளத்தின் இ-சேவை மையம்) ஃபார்ம் போடும்போது நீங்களே ஸ்பெல்லிங்கைப் பார்த்துச் சொல்லுங்கள், அவர்கள் அவசரத்தில் அடித்துவிடுவார்கள்.

அடுத்தது மொழி. ஐ.நா.வின் அலுவல் மொழிகள் ஆறு: ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ், ரஷ்யன், சீனம், அரபி. ஆங்கிலம் இல்லாமல் கதவே திறக்காது, அதில் விவாதம் வேண்டாம். தமிழ் மீடியம் என்று பயப்படவும் வேண்டாம். அவர்களுக்கு வேண்டியது அழகான ஆங்கிலம் இல்லை, நாலு பக்க அறிக்கையைப் பிழையில்லாமல் ஒரே ராத்திரியில் எழுதத் தெரிய வேண்டும். இரண்டாவது மொழியாக பிரெஞ்சு அல்லது அரபியை எடுங்கள். காங்கோ, சாட், நைஜர், மாலி என்று நெருக்கடி நாடுகள் பலவற்றில் வேலை பிரெஞ்சில் நடக்கிறது. சூடான், ஏமன், சிரியா அரபியில். பிரெஞ்சுக்குத் திருவனந்தபுரத்தில் அல்லியான்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது. அரபிக்கு நீங்கள் அதிர்ஷ்டசாலிகள்: கேரள அரசுப் பள்ளிகளிலேயே அரபி ஆசிரியர்கள் உண்டு, தெருவுக்கு ஒருவர் வளைகுடாவில் இருந்து திரும்பியவர் உண்டு. இங்கே தமிழும் மலையாளமும் கலந்து வளர்ந்த பிள்ளைக்கு மூன்றாவது நான்காவது மொழி பெரிய மலையில்லை.

என்ன படிப்பது

எல்லாரும் சர்வதேச உறவுகள் படிக்கணும் என்று நினைக்கிறார்கள். படிக்கலாம், டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்துக்கு (ஜே.என்.யு.) அதில் நல்ல பெயர் இருக்கிறது. ஆனால் முகாமில் ஆள் தேடும்போது அவர்கள் தேடுவது தண்ணீர், கழிப்பறை போடத் தெரிந்த சிவில் இன்ஜினியர், பொது சுகாதாரம் படித்த நர்ஸ், லாரியும் குடோனும் நடத்தத் தெரிந்த ஆள், கணக்குப் பிள்ளை, சட்டம் படித்தவர், தரவு பார்ப்பவர். ஆகவே கையில் ஒரு தொழிலோடு உள்ளே போங்கள். நர்சிங் படித்த பெண்பிள்ளைகள் நம் பக்கத்தில் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள், வளைகுடா, பிரிட்டன் தவிர வேறு எங்கும் போகலாம் என்று அவர்களிடம் யாரும் சொல்வதில்லை. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கும் நர்ஸ் வேண்டும், கணக்காளர் வேண்டும், மெக்கானிக்கூட வேண்டும். முதுகலையில் பேரிடர் மேலாண்மை வேண்டும் என்றால் மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தைப் பாருங்கள்.

முதல் அனுபவம் இங்கேயே

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான படி, இதைத்தான் எல்லாரும் தாண்டிப் போகிறார்கள். நிவாரண அனுபவத்துக்கு சூடான் போக வேண்டியதில்லை. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கேரளத்தில் 10 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் முகாம்களில் இருந்தார்கள். 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மூணாறு பக்கம் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளை, மூடியது, 70 பேர் போனார்கள், பெரும்பாலும் கயத்தாறு பக்கத்திலிருந்து தலைமுறைக்கு முன்னே வந்த தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள். 2024 ஜூலை 30-ல் வயநாட்டில் சூரல்மலை, முண்டக்கை நிலச்சரிவு. ஒவ்வொரு மழைக்கும் வில்லேஜ் ஆபீசர் ஏதாவது ஒரு ஸ்கூலைத் திறந்து முகாமாக்குகிறார். அங்கே போய் நில்லுங்கள்.

போனதும் சோறு பரிமாற ஓடாதீர்கள், அதற்கு ஆள் கிடைக்கும். பதிவேட்டைக் கேட்டு வாங்குங்கள். எத்தனை குடும்பம், கர்ப்பிணி எத்தனை, இன்சுலின் போடுகிறவர் யார், தனியாக வந்த குழந்தை உண்டா, மலையாளம் படிக்கத் தெரியாமல் விட்டுப்போன தமிழ்க் குடும்பம் எது, வடநாட்டுத் தொழிலாளிகள் எங்கே படுத்திருக்கிறார்கள் என்று எழுதுங்கள். ஸ்ஃபியர் கையேடு என்று ஒன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும், உலகம் முழுக்க முகாம்களுக்கு அதுதான் அளவுகோல்: ஆளுக்கு நாளுக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர், 3.5 சதுர மீட்டர் கூரையுள்ள இடம், தொடக்கத்தில் 50 பேருக்கு ஒரு கழிப்பறை, போகப்போக 20 பேருக்கு ஒன்று. உங்கள் ஊர் முகாமை அந்தக் கணக்கில் அளந்து ஒரு பக்க அறிக்கை எழுதி வார்டு மெம்பரிடம் கொடுத்துப் பாருங்கள். பெண்களுக்குத் தனிக் கழிப்பறையில் லைட் இல்லை என்பதைச் சொல்லி, அவர் முகம் சுளித்தாலும் விடாமல், ராத்திரிக்குள் ஒரு பல்பு போட வைத்தால், அதுவே உங்கள் முதல் பேச்சுவார்த்தை அனுபவம். பின்னால் நேர்காணலில் அதைச் சொல்லலாம், ஆகவே தேதி, எண்ணிக்கை எல்லாம் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மழை இல்லாத காலத்தில் ஜூனியர் ரெட் கிராஸ், நாட்டு நலப்பணித் திட்டம் (என்.எஸ்.எஸ்.), கேரள அரசின் தொண்டர் படையான சன்னத்த சேனை, தேசியப் பேரிடர் ஆணையத்தின் ஆப்த மித்ரா பயிற்சி, எது கிடைக்கிறதோ அதில் சேருங்கள். தமிழ்நாட்டில் இருக்கும் இலங்கைத் தமிழர் முகாம்களில் 1984-லிருந்து வேலை செய்யும் ஆஃபர் அமைப்பு போன்றவற்றில் தமிழ் தெரிந்த தொண்டருக்கு வேலை உண்டு. இந்தியா 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத நாடு என்பதையும், அதனால் இங்கே அகதிகளுக்கென்று தனிச் சட்டம் இல்லாமல் அரசு உத்தரவுகளில் காலம் ஓடுகிறது என்பதையும் நேரில் பார்த்தால்தான் புரியும்.

இந்த இடத்தில் ஒன்று. குளத்துப்புழை, ஆயிரநல்லூர் ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டுகிற நம் குடும்பங்கள் எப்படி இங்கே வந்தன என்று எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்? 1948 குடியுரிமைச் சட்டத்தால் இலங்கை மலையகத் தமிழர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டு, 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ளும் என்று பிரித்தார்கள். பிரிக்கப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. அப்படி வந்தவர்களில் ஒரு பகுதியினருக்குத்தான் ஆர்.பி.எல். என்ற மறுவாழ்வுத் தோட்ட நிறுவனத்தின் தோட்டங்களில் லயமும் வேலையும் கிடைத்தன. ராஜதந்திரம் என்றால் என்ன என்று பாடப்புத்தகத்தில் தேட வேண்டாம், பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து கப்பல் ஏறிய கதையைக் கேளுங்கள், கேட்டு எழுதி வையுங்கள். ஆனால் நேர்காணலில் பாட்டியின் துயரத்தை விற்காதீர்கள். ஏன் இந்தத் துறை என்று கேட்டால் இரண்டு வரியில் சொல்லிவிட்டு, உங்களுக்கு என்ன செய்யத் தெரியும் என்பதற்கு வந்துவிடுங்கள்.

உள்ளே போகும் வழிகள்

ஐ.நா. தன்னார்வலர் திட்டம், யு.என்.வி., நமக்கு நடைமுறையில் நல்ல வாசல். 18 வயதானால் பதிவு செய்யலாம், இளைஞர் பிரிவு 26 வயது வரை. மாதப்படி உண்டு. அதற்கு அடுத்தது இந்தியாவிலேயே உள்ள ஐ.நா. அலுவலகங்களிலும் பெரிய தொண்டு நிறுவனங்களிலும் உள்ளூர் ஊழியர் வேலை. ஐ.நா. தலைமைச் செயலகத்தின் இன்டர்ன்ஷிப்புக்குச் சம்பளம் கிடையாது, ஜெனீவா வாடகைக்கு அப்பா கடன் வாங்க வேண்டி வரும்; யுனிசெஃப், உலக உணவுத் திட்டம் போன்றவை உதவித்தொகை தருகின்றன, அவற்றைப் பாருங்கள். இளம் தொழில்முறையாளர் தேர்வு ஒன்று உண்டு, 32 வயது வரை, ஆனால் எந்த நாட்டவர் எழுதலாம் என்ற பட்டியல் ஆண்டுக்கு ஆண்டு மாறும், இந்தியா இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் படிக்கத் தொடங்குங்கள்.

நிரந்தரப் பதவிகளுக்கு பி-2, பி-3 என்று படி உண்டு. முதுகலையோடு இரண்டு வருட அனுபவம் பி-2வுக்கு, ஐந்து வருடம் பி-3க்கு, பத்து பி-5க்கு, பதினைந்து டி-1 என்ற இயக்குநர் படிக்கு. கணக்குப் போட்டால் நாற்பது வயதுக்கு மேல்தான் ஒரு நாட்டு அலுவலகத்தை நடத்தும் நிலை வரும். விளம்பரங்கள் ரிலீஃப்வெப் தளத்தில் வருகின்றன. பாதுகாப்புக்கான பி-சேஃப், கயா கனெக்ட், டிசாஸ்டர் ரெடி தளங்களில் உள்ள படிப்புகள் இலவசம், இரண்டு மூன்றை முடித்துச் சான்றிதழ் வைத்துக்கொள்ளுங்கள். அளவுக்கு மீறிச் சேர்த்தால் யாரும் மதிப்பதில்லை.

நேர்காணல் நம்ம ஊர் பி.எஸ்.சி. அரசு வேலைத் தேர்வு மாதிரி பொது அறிவு கேட்காது. “உங்கள் முடிவை எதிர்த்த ஒருவரை எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள், ஒரு நிகழ்வைச் சொல்லுங்கள்” என்றுதான் கேட்பார்கள். நிலைமை என்ன, உங்கள் பொறுப்பு என்ன, நீங்கள் என்ன செய்தீர்கள், முடிவு என்ன, அந்த வரிசையில் சொல்லுங்கள். நம் ஆட்களுக்கு இதில் ஒரு சிக்கல்: அடக்கமாக “நாங்க எல்லாரும் சேர்ந்து செஞ்சோம்” என்போம். அங்கே அது எடுபடாது. பல்பு போட வைத்தது நீங்கள் என்றால் நான் என்றே சொல்லுங்கள்.

ஐ.எஃப்.எஸ். வழி

யு.பி.எஸ்.சி. எழுதி வெளியுறவுப் பணிக்குப் போவது தனிச் சாலை. பட்டம் இருந்தால் 21 முதல் 32 வயது வரை, பொதுப் பிரிவுக்கு ஆறு முறை. பிற்படுத்தப்பட்டோருக்கு 35 வயது, பட்டியல் வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும் 37. முதல்நிலைத் தேர்வு வினாத்தாள் ஆங்கிலம், இந்தியில்தான் வரும். முதன்மைத் தேர்வையும் நேர்முகத்தையும் தமிழில் எடுக்கலாம். சேர்ந்த பிறகு ஒரு வெளிநாட்டு மொழி கட்டாயம். நிவாரண வேலை இதிலும் உண்டு: 2014-ல் ஈராக்கில் திக்ரித்தில் சிக்கிய 46 நர்சுகள் கொச்சி திரும்பியது, 2015-ல் ஏமனிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தது எல்லாம் தூதரக வேலை. ஆனால் அங்கே நீங்கள் இந்திய அரசின் ஆள், நடுநிலை என்று பேச முடியாது. பீட்டர் மௌரர் மாதிரி அரசுப் பணியிலிருந்து நிவாரண அமைப்புக்குப் போகலாம்தான், அதற்கு உங்கள் நாட்டுக்கு அந்த நாற்காலியில் செல்வாக்கு இருக்க வேண்டும். நிவாரணம்தான் வேண்டும் என்றால் நேர்வழியே மேல் என்பது என் எண்ணம்.

வீட்டில் சொல்ல வேண்டியது

ஊர் கடினமாக ஆக, குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை நாடு மாறும். கல்யாணப் பேச்சு எடுக்கும்போதே இதை உடைத்துச் சொல்லிவிடுங்கள். ஆபத்தையும் மறைக்க வேண்டாம்: 2003 ஆகஸ்ட் 19 அன்று பாக்தாத் கனால் ஹோட்டல் குண்டுவெடிப்பில் வியெரா டி மெல்லோவோடு சேர்த்து 22 பேர் போனார்கள், அந்த நாளைத்தான் உலக மனிதநேய தினமாக வைத்திருக்கிறார்கள். 2024-ல் மட்டும் உலகம் முழுக்க 380-க்கு மேற்பட்ட நிவாரணப் பணியாளர்கள் கொல்லப்பட்டதாக ஐ.நா. சொன்னது, பெரும்பாலும் அந்தந்த நாட்டு ஊழியர்கள். வேலை நிரந்தரமும் இல்லை. 2025-ல் அமெரிக்கா நிதியை வெட்டியதும் ஐ.நா. நிவாரண ஒருங்கிணைப்பு அலுவலகம் 20 சதவீதம் ஆட்களைக் குறைப்பதாக அறிவித்தது, மற்ற அமைப்புகளிலும் ஆயிரக்கணக்கானவர்கள் வேலை இழந்தார்கள். கையில் தொழில் வேண்டும் என்று மேலே சொன்னது இதற்காகவும்தான். நர்சோ இன்ஜினியரோ என்றால் ஊருக்கு வந்தாலும் பிழைக்கலாம்.

கடைசியாக ஏஜென்ட் விவகாரம். வளைகுடா விசாவுக்குப் பணம் கட்டிப் பழகிய ஊர் இது, ஐ.நா. வேலைக்கும் கேட்டால் கொடுத்துவிடுவார்கள். ஐ.நா. அமைப்புகள் விண்ணப்பம், நேர்காணல், பயிற்சி, மருத்துவப் பரிசோதனை எதற்கும் காசு வாங்குவதில்லை. ஜிமெயில் முகவரியிலிருந்து ஆஃபர் லெட்டர் வந்தாலோ, நேர்காணலே நடக்காமல் வேலை கிடைத்தாலோ, வங்கி விவரம் கேட்டாலோ, அந்த அமைப்பின் சொந்தத் தளத்தில் அந்த வேலை எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் 1930-க்கு போன் போட்டு சைபர் புகார் கொடுங்கள், பணம் அனுப்பியிருந்தால் அதே மணி நேரத்தில்.